மிளகு மூட்டையில் ஆரம்பித்த கேள்வி: வியட்நாம் நம்மை எங்கே முந்தியது?

மலைக்காட்டு மிளகு, நாகலூர்

போன வாரம் மூன்று மூட்டை மிளகை எடுத்துக்கொண்டு சேலம் லீ பஜாருக்கு இறங்கினேன். மண்டிக்காரர் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார், லிட்டர் படியில் அள்ளினார், மேலே குச்சியால் வழித்துவிட்டுத் தராசில் வைத்தார். 560 கிராம் நின்றது. நல்ல கனம், அவருக்கே திருப்தி. அப்புறம் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து திறந்தார். ஒரே அளவு, ஒரே கறுப்பு, ஒரு காம்பு, ஒரு தூசி கிடையாது. "வியட்நாம் சரக்கு. உங்க மலை மிளகுக்கு வாசம் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். ஆனா மசாலா அரைக்கிறவன் வாசத்தையா பார்க்கறான்?" என்றார்.

வரும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவும் அதே யோசனைதான். மிளகு நம் மண்ணின் கொடி. அவர்கள் 1990களில்தான் பெரிய அளவில் நட ஆரம்பித்தார்கள், 2000களின் தொடக்கத்திலேயே உலகத்தில் முதலிடத்துக்குப் போய்விட்டார்கள். காபியும் அப்படித்தான். ஏற்காட்டில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடி வைத்தபோது வியட்நாமில் ஒரு செடி கிடையாது, 1857-ல்தான் பிரெஞ்சுப் பாதிரிமார் கொண்டுபோனார்கள். இன்று பிரேசிலுக்கு அடுத்த இடம் அவர்களுக்கு. என் நாலு ஏக்கரில் அராபிகா ஏக்கருக்கு இருநூறு கிலோ வந்தால் சாமிக்குத் தேங்காய் உடைக்கிறேன், வியட்நாமின் டாக் லாக் மாகாணத்துப் பக்கம் ரொபஸ்டா ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். ஜாதி வேறு, ஒப்பிடக் கூடாதுதான், ஆனாலும் வயிறு எரிகிறதே.

யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போரில் தரைமட்டமான நாடு எப்படி இந்த இடத்துக்கு வந்தது, நாம் எங்கே விட்டோம்?

அம்மாப்பேட்டை கணக்கு

அண்ணா, எரிச்சலை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். 1990-ல் வியட்நாமில் ஒரு ஆளின் சராசரி ஆண்டு வருமானம் நூறு டாலரை ஒட்டித்தான் இருந்தது, நம்முடையது 350-ஐத் தாண்டியிருந்தது. 2024-ல் அங்கே சுமார் 4,700, இங்கே சுமார் 2,700. சரக்கு ஏற்றுமதியைப் பார்த்தால் இன்னும் கொடுமை: 10 கோடிப் பேர் இருக்கும் நாடு 2024-ல் 400 பில்லியன் டாலருக்கு மேல் விற்றிருக்கிறது, 140 கோடிப் பேர் இருக்கும் நாம் 2024-25ல் சுமார் 437 பில்லியன்.

ஆரம்பம் 1986 டிசம்பர். கட்சி மாநாட்டில் டோய் மோய் என்று சீர்திருத்தத்தை அறிவித்தார்கள். 1988-ல் கூட்டுப் பண்ணையை ஓரம் கட்டி நிலத்தைக் குடும்பங்களின் கையில் கொடுத்தார்கள், அடுத்த வருடமே அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. 1993 நிலச் சட்டத்தில் அனுபவ உரிமையை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம் என்று வந்தது. நம் பட்டா மாதிரி அங்கே சிவப்புப் புத்தகம் என்பார்கள். நிலம் சட்டப்படி இன்றும் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் புத்தகம் கையில் இருந்தால் பேங்க் கடன் கொடுக்கும், அதனால் காபி நட்டார்கள். 1994-ல் அமெரிக்கத் தடை நீங்கியது, 1995-ல் ஆசியான், 2001 கடைசியில் அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம், 2007-ல் உலக வர்த்தக அமைப்பு, 2020-ல் ஐரோப்பாவோடு ஒப்பந்தம். நாம் 2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்த மேசை வரைக்கும் போய்விட்டு எழுந்து வந்தோம்.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

இவ்வளவு எழுத வேண்டாம் கணக்கு சார். அங்கே ஒரே கட்சி. 2018-ல் நம் ஊருக்கு எட்டு வழிச் சாலை என்றார்கள், 277 கிலோமீட்டர். கல் நட்டார்கள், பிடுங்கினார்கள், அழுதார்கள், 2019-ல் ஹைகோர்ட் ரத்து செய்தது, 2020-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி கதவைத் திறந்தது, சாலை இன்னும் காகிதத்தில்தான் ஓடுகிறது. அங்கே என்றால் ஒரு கையெழுத்து, மறுநாள் ஜேசிபி.

மலைக்காட்டு மிளகு, நாகலூர்

தம்பி, அந்தச் சாலையில் என் மாமனார் கிணறு போயிருக்கும். கையெழுத்து போடுகிறவன் உங்கள் பட்டறை மேல் போடும்போது இதே சந்தோஷத்தோடு எழுதுங்கள், படிக்கிறேன்.

அம்மாப்பேட்டை கணக்கு

அங்கேயும் ஜேசிபி அவ்வளவு சுலபமாக வருவதில்லை பட்டறைக்காரரே. 2020 ஜனவரியில் ஹனோய் பக்கத்தில் டோங் டாம் என்ற ஊரில் நிலத் தகராறு முற்றி மூன்று போலீஸ்காரர்களும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் செத்தார்கள். காபி விளையும் மேட்டுநிலத்தில் 2001-லேயே பெரிய கலவரம். வடக்கிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் லட்சக்கணக்கில் ஆட்களைக் குடியேற்றிக் காட்டைத் திருத்திக் காபி வைத்தார்கள், காலம் காலமாக அங்கே இருந்த எடே, ஜராய் மக்களின் நிலம் கைமாறிப் போனது. ஐந்து மடங்கு மகசூல் என்று நாம் சொல்லும்போது அது யாருடைய காடு என்ற கேள்வியும் கூடவே வருகிறது. நம் சேர்வராயனில் மலையாளி பழங்குடி மக்களின் பூமி எஸ்டேட் ஆன கதையை அண்ணாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்நின் போய் வந்தவன், சூரமங்கலம்

மூன்று வருடம் ஹனோய் பக்கத்தில் இருக்கும் பக்நின்னில் இருந்தேன், கொரியக் கம்பெனி ஒன்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் இடத்தில் மெயின்டனன்ஸ். 2009-ல் சாம்சங் அங்கே போன் செய்ய ஆரம்பித்தது, அதற்கு முன்னால் அது நெல் வயல். இன்று உலகத்தில் விற்கும் சாம்சங் போனில் பாதி வியட்நாமில்தான் செய்கிறார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் லாரி வந்து நிற்கும், பெட்டியைப் பிரித்தால் சிப், திரை, கேமரா, எல்லாம் கொரியாவும் சீனாவும். எங்கள் ஆலையில் உள்ளூர்க்காரன் கொடுத்தது அட்டைப் பெட்டியும் சில பிளாஸ்டிக் பாகமும்தான். அந்த 400 பில்லியனில் எழுபது சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கு. அதே வருடம் அவர்கள் இறக்குமதி செய்தது 380 பில்லியன். கையில் நின்றது என்ன என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஷிப்ட் விட்டால் வாசலில் ஸ்கூட்டர் ஆறு மாதிரி ஓடும், அதில் பாதிக்கு மேல் பெண்கள். எங்கள் லைனில் மெஷின் நின்றால் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மேனுவலைப் புரட்டித் தானே பிழையைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டுவாள். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2023 மே, ஜூனில் வடக்குப் பகுதியே கரண்ட் இல்லாமல் தவித்ததையும் அங்கேதான் பார்த்தேன். அணையில் தண்ணீர் இல்லை. தொழிற்பேட்டைக்கே முறை வைத்து நிறுத்தினார்கள். நம் ஊர் 2012 ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன்.

அம்மாப்பேட்டை கணக்கு

பள்ளிக்கூடம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, சொன்னால் கசக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பிசா தேர்வில் 2012-ல் முதல் முறை உட்கார்ந்த வியட்நாம் கணக்கில் 511 வாங்கிப் பணக்கார நாடுகளின் சராசரியையே தாண்டியது. அதற்குக் கொஞ்சம் முன்னால் இந்தியா சார்பில் உட்கார்ந்தது இரண்டே மாநிலம், தமிழ்நாடும் இமாசலும். கடைசி வரிசை. நமக்குக் கீழே கிர்கிஸ்தான். கேள்வி நம் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்று டெல்லி அடுத்த தேர்வுகளுக்கே போகவில்லை. தேர்வில் ஆயிரம் குறை இருக்கட்டும், மார்க் வந்த பிறகு தேர்வே வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்?

கிழங்குக்காடு, ஆத்தூர்

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன், இனி முடியாது. எல்லோரும் மகசூல் மகசூல் என்கிறீர்கள். எங்கள் குச்சிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கட்டி வளர்க்கிற சேலம், நாமக்கல் காட்டில் ஏக்கருக்கு 14, 15 டன் சாதாரணம். வியட்நாமில் சராசரி ஏக்கருக்கு எட்டு டன். மகசூலில் அவன் எங்களுக்குப் பாதி, சரியா? ஆனால் மரவள்ளி மாவு ஏற்றுமதியில் தாய்லாந்துக்கு அடுத்த இடம் அவனுக்கு, நாங்கள் பட்டியலில் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

காரணம் காட்டில் இல்லை, ஆலை வாசலில் இருக்கிறது. லோடு போய் நின்றதும் நாலு கிழங்கைப் பொறுக்கி எடுத்துத் தண்ணீரில் முக்கி எடை பார்த்து மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்பார்கள். பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன் விலை. 28 வரும் என்று நினைத்துப் போனால் ஆலைக்காரன் 25 என்று சொல்வான். மறுத்துப் பேசி லோடைத் திருப்ப முடியுமா? பிடுங்கின கிழங்கு ரெண்டு நாளில் கறுத்துவிடும். இதே கிழங்கு ஒரு நாள் காத்திருந்தால் அவனுக்கு லாபம், எனக்கு நட்டம். போன வருடம் ஒரு ஆலையில் எனக்கு 23 போட்டார்கள், பக்கத்துக் காட்டுக்காரருக்கு அதே நாளில் இன்னொரு ஆலையில் 27. ஒரே வித்துக் குச்சி, ஒரே வாய்க்கால் தண்ணீர்.

இன்னொன்று, நம் ஆலைகள் சின்னச் சின்னக் குடும்பத் தொழில். ரெண்டாம் உலகப் போரில் மலேயா ஜவ்வரிசியும் அமெரிக்க மக்காச்சோள மாவும் வராமல் போனபோது சேலத்தில் தட்டுத் தடுமாறித் தொடங்கியது, 1981-ல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது, 2023-ல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வியட்நாமில் டாய் நின் பக்கம் ஒரு ஆலை ஒரு நாளில் அரைப்பதை இங்கே ஒரு ஆலை அரைக்க எத்தனை நாள் ஆகும்? பக்கத்திலேயே சீனா என்ற பெரிய வாய் திறந்திருக்கிறது அவனுக்கு. நமக்கு வாடிக்கையாளர் யார்? மகாராஷ்டிராவில் விரதம் இருக்கிறவர்கள். அவர்கள் சாபுதானா கிச்சடி சாப்பிடும் வரை நாங்கள் சாப்பிடலாம்.

பக்நின் போய் வந்தவன், சூரமங்கலம்

அந்தப் பெரிய வாய் மூடினால் அவன் கதி என்ன அண்ணா? மரவள்ளியில் பத்துக்கு ஒன்பது பங்கு சீனாவுக்குத்தான் போகிறது. எல்லையில் கேட்டை ரெண்டு வாரம் சாத்தினாலே லாரி வரிசை கட்டி நிற்கும்.

கிழங்குக்காடு, ஆத்தூர்

மூடட்டும். வாய் இருந்து மூடினால் அது ஒரு கவலை, எனக்கு வாயே இல்லையே தம்பி.

தையல் லைன் அக்கா, கொண்டலாம்பட்டி

துணியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, அதனால் வந்தேன். பருத்தி நம்மிடம் விளைகிறது, நூல் நம்மிடம், சேலத்துக்கும் திருப்பூருக்கும் நூறு கிலோமீட்டர் சொச்சம். வியட்நாமில் பருத்தி பெயருக்குத்தான். ஆனாலும் தைத்த துணி ஏற்றுமதியில் நம்மை விட எவ்வளவோ மேலே. எங்கள் முதலாளி காரணம் கேட்டால் கூலி என்பார். அங்கே குறைந்தபட்சக் கூலி நான் வாங்குவதை விட அதிகம் என்று சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்குத் தெரிந்த காரணம் வேறு. தைத்த ஆடை சிறுதொழிலுக்குத்தான் என்று நம் அரசு ஒதுக்கியே வைத்திருந்தது. நெய்த துணி ஆடைக்கு 2000 வரை, பின்னலாடைக்கு 2005 வரை. அதற்குள் அவர்கள் ஐயாயிரம் பேர் ஒரே கூரைக்குக் கீழே தைத்துப் பழகிவிட்டார்கள். இங்கே நூறு மெஷின் போட்டவர் அடுத்த நூறு மெஷினைத் தம்பி பெயரில் இன்னொரு ஷெட்டில் போட்டார்.

அப்புறம் பெண்கள். அங்கே வேலைக்குப் போகும் வயதில் இருக்கும் பெண்களில் எழுபது சதவீதம் பக்கம் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள், இங்கே 2023-24 கணக்கெடுப்பில் 41.7, அதிலும் சொந்தக் காட்டில் சம்பளமில்லாமல் புல் பிடுங்குவதையும் சேர்த்துத்தான். எங்கள் லைனில் பெண் பிள்ளை மூன்று வருடம் தைத்துக் கை படியும் நேரத்தில் கல்யாணம் என்று கூட்டிப் போய்விடுவார்கள். மறுபடி புதுப் பெண், மறுபடி முதல் மாதம் எல்லாப் பீஸும் ரிஜெக்ட். நாட்டுக்குப் பொருளாதாரம் என்பது எனக்கு அந்த ரிஜெக்ட் கூடைதான்.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை

அக்கா சொன்னது சத்தியம். எங்கள் தெருவில் கொலுசுக்குச் சலங்கை கோக்கிற பெண்கள் வீட்டு வாசலை விட்டு இறங்கினதே இல்லை. கணக்கெடுக்க வந்தால் "வேலைக்குப் போகலீங்க" என்பார்கள், மடியில் அரை கிலோ வெள்ளி இருக்கும்.

அம்மாப்பேட்டை கணக்கு

இத்தனை பேச்சுக்குப் பிறகு இப்போது எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு போடுகிறேன், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வியட்நாமை இந்தியாவோடு வைத்ததே சரியில்லை. 7.7 கோடிப் பேர் இருக்கும் தமிழ்நாட்டை மட்டும் எடுங்கள். 2024-25ல் மாநில உற்பத்தி 31 லட்சம் கோடி ரூபாய். தலைக்கு வகுத்து டாலரில் மாற்றினால் 4,700, 4,800 வரும். அதாவது வியட்நாமும் நாமும் தோளோடு தோள். பீகாரையும் உத்தரப் பிரதேசத்தையும் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனையும் வெறுங்கையோடு ஓடுகிறவனையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் எப்படி?

ஆனால் ஏற்றுமதியைப் பார்த்தால் தமிழ்நாட்டுச் சரக்கு சுமார் 52 பில்லியன், அவர்களுடையது எட்டு மடங்கு. ஒரே வருமானம், எட்டு மடங்கு கப்பல். அப்படியென்றால் நம் காசு உள்ளூர்ச் சந்தையிலும் சேவைத் துறையிலும் சுற்றுகிறது, அவர்கள் காசு அமெரிக்காக்காரன் கடையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா வியட்நாமுக்கு 46 சதவீத வரி என்று அறிவித்ததும் ஹனோயில் தூக்கமில்லை, நமக்கு அன்று 26 என்றார்கள், நாம் கொஞ்சம் நமுட்டுச் சிரிப்பு சிரித்தோம். ஆகஸ்டில் அவர்களுக்கு 20, நமக்கு 50. திருப்பூர்க்காரரைக் கேளுங்கள் அந்த மாதம் எப்படிப் போனது என்று.

கடைசியாக ஒரு வேடிக்கை. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறந்த மின்சாரக் கார் ஆலை வின்ஃபாஸ்ட், வியட்நாம் கம்பெனி.

மலைக்காட்டு மிளகு, நாகலூர்

எல்லாம் படித்தேன், இரவு ரெண்டு தடவை. கணக்கு சாரின் தமிழ்நாட்டுக் கணக்கு மனதுக்கு ஆறுதல், ஆனால் லிட்டர் படியில் அது நிற்காது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 2001-ல் காபி விலை பாதாளத்துக்குப் போனபோது, உலகச் சந்தையில் அராபிகா பவுண்டு ஐம்பது சென்ட்டுக்கும் கீழே, அப்பா செர்ரியைப் பறிக்காமல் செடியிலேயே விட்டார். பறிகூலிக்குக் கூட வராது. அந்த வீழ்ச்சிக்கே பாதிக் காரணம் வியட்நாம் கொட்டிய காபிதான். அன்று எங்களைக் காப்பாற்றியது மரத்தில் இருந்த மிளகும் நாலு கமலா ஆரஞ்சும் கொஞ்சம் பலாவும். அங்கே மேட்டுநிலத்தில் வெறும் காபி, வெறும் வெயில், கிணற்றுத் தண்ணீர், மூட்டை மூட்டையாக உரம். விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடையாது. மிளகிலும் அதே கதை: 2015 பக்கம் விலை உச்சத்தில் இருந்தபோது கடன் வாங்கிக் கான்கிரீட் தூண் நட்டுக் கொடி ஏற்றினார்கள், விலையும் விழுந்து வாடல் நோயும் வந்ததில் யா லாய் மாகாணத்தில் எத்தனையோ பேர் வீட்டைப் பூட்டிவிட்டு சைகோன் பக்கம் கூலிக்குப் போனார்கள். வெறும் தூண் மட்டும் வரிசையாக நிற்கும் படத்தை ஒரு தடவை பார்த்தேன், சுடுகாடு மாதிரி இருந்தது.

அதனால் நான் அவனாக வேண்டும் என்று ஆசை இல்லை. கோபம் வேறு. 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் கீழே மிளகு உள்ளே வரக்கூடாது என்று டெல்லி உத்தரவு போட்டது, சந்தோஷம். இலங்கை ஒப்பந்தத்தில் வருடம் 2,500 டன் வரியில்லாமல் வரலாம், சாறு எடுத்து மறு ஏற்றுமதி செய்பவர்களுக்கு விலைக் கட்டுப்பாடு கிடையாது. முன்கதவுக்குப் பூட்டு, கொல்லைப்புறத்துக்குத் தாழ்ப்பாளே இல்லை. அதை விட முக்கியம், அந்த டப்பாவில் இருந்த சரக்கைச் சலித்துக் கழுவி ஒரே அளவாகப் பிரித்துத் தர அங்கே ஊருக்கு ஊர் ஆலை இருக்கிறது. என் மிளகு களத்தில் தார்ப்பாயில் காய்கிறது, காட்டெருமை மிதித்தது போக மீதியை மூட்டை கட்டுகிறேன்.

கிழங்குக்காடு, ஆத்தூர்

அண்ணா, மலையில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சலிப்பு மெஷின் போட முடியாதா? உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்று பதிந்தால் மானியம் கூட உண்டு.

மலைக்காட்டு மிளகு, நாகலூர்

நாங்களும் பேசினோம் தம்பி, ரெண்டு வருடம் முன்னால். பதினோரு பேர் வந்தார்கள். யார் இடத்தில் மெஷினை வைப்பது என்பதில் கூட்டம் கலைந்தது. மஞ்சக்குட்டையா நாகலூரா என்று இன்னும் முடிவாகவில்லை. மறுபடி கூப்பிடுகிறேன், இந்தத் தடவை வாழவந்தியில் வைக்கலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன், ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும்.

அதற்கு முன்னால் அவசரம் ஒன்று. மேல்காட்டில் இன்னும் முப்பது மரத்துக் கொடி பறிக்காமல் பழுத்து உதிர்கிறது. சில்வர் ஓக் மரத்தில் ஒத்தை மூங்கில் ஏணி போட்டு ஏறத் தெரிந்த பையன்கள் எல்லாம் ஓசூர் போன் ஆலைக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமைக்குள் மூன்று ஆள் வேண்டும், சாப்பாடு போட்டு நல்ல கூலி. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.